துக்கத்தை மறக்கத்தான் வேண்டுமா?

நெருங்கியவரைப் பறிகொடுத்தவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்று உண்டு. "நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிட்டு ஆகவேண்டியதைப் பாருங்கள்." நல்ல மனதோடு சொல்வதுதான். உளப்பகுப்பாய்வைத் தொடங்கி வைத்த சிக்மண்ட் பிராய்டும் ஏறக்குறைய இதையேதான் எழுதினார். ஆனால் அவராலேயே அதன்படி நடக்க முடியவில்லை!

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-ல் எழுதி, 1917-ல் அவர் வெளியிட்ட கட்டுரை 'துக்கமும் மெலங்கோலியாவும்'. அதில் துக்கம் என்பது மனம் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை. கிட்டத்தட்ட முதலீட்டுக் கணக்கு மாதிரி. ஒருவர் மேல் வைத்த அன்பு, அவர் போன பிறகும் அவரிடமே முடங்கிக் கிடக்கிறது. நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, 'அவர் இனி இல்லை' என்று ஒப்புக்கொண்டு, அந்த அன்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்க வேண்டும். பிறகு அதை வேறொருவரிடம் வைக்கலாம். கணக்கு முடிந்தது. முடியாவிட்டால்? போனவர் மேல் உள்ள கோபம் தன் மேலேயே திரும்பி, தன்னையே வெறுக்கும் நோயாகிவிடும். அதுதான் மெலங்கோலியா.

1920 ஜனவரியில் அவருடைய மகள் சோபி ஹாம்பர்க்கில் இன்ஃப்ளூயன்சாவால் இறந்தார். வயது 26. வயிற்றில் மூன்றாவது குழந்தை. வியன்னாவிலிருந்து ரயில் கிடைக்காததால் பிராய்டால் போகக்கூட முடியவில்லை. 1923-ல் சோபியின் இளைய மகனும் நாலரை வயதில் காசநோயால் இறந்தான்.

1929-ல், மகனை இழந்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு பிராய்ட் ஒரு கடிதம் எழுதினார். சோபி உயிரோடிருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் சமயம் அது. துக்கத்தின் வேகம் தணியும், ஆனால் அந்த இடத்தை எதுவும் முழுதாக நிரப்பாது, அப்படி இருப்பதே சரி, அந்த அன்பை விட்டுவிடாமல் இருக்க அதுதான் வழி. இதுதான் கடிதத்தின் சாரம். 1933-ல் தன்னிடம் சிகிச்சைக்கு வந்த கவிஞர் ஹெச்.டி.யிடம், கடிகாரச் சங்கிலியில் மாட்டியிருந்த சின்ன லாக்கெட்டைக் காட்டி, மகள் இங்கேதான் இருக்கிறாள் என்றாராம். மகள் போய் 13 வருடம். கணக்கு முடியவே இல்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மலையில் நடந்த விபத்தில் மகனை இழந்த மெலனி கிளைன், துக்கப்படுபவர் இறந்தவரை மனதிலிருந்து அகற்றுவதில்லை, மனதுக்குள் மறுபடி கட்டியெழுப்புகிறார் என்று 1940-ல் எழுதினார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் வோர்டன் 1982-ல் ஆலோசகர்களுக்காக எழுதிய கையேட்டில் துக்கப்படுபவருக்கு நான்கு பணிகளைச் சொன்னார். நான்காவது, பிராய்ட் சொன்ன அதே 'அன்பைத் திரும்ப எடுப்பது'. பிந்தைய பதிப்புகளில் அதை அவரே மாற்றினார்: வாழ்க்கையைத் தொடர்ந்துகொண்டே, இறந்தவரோடு நிலையான ஓர் உறவைக் கண்டடைவது. 1996-ல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் மூவரும் தொகுத்த நூலின் மையக் கருத்தே 'தொடரும் பந்தங்கள்'தான்.

இதனால் சிகிச்சை அறையில் கேள்வியே மாறிவிட்டது. 'அவரை எப்படி விடுவது?' என்பது போய், 'அவரை எங்கே வைத்துக்கொள்வது?' என்றானது. இறந்தவரின் புகைப்படத்தோடு பேசுவது இன்று தானாகவே நோயாகிவிடாது.

அதற்காக எல்லாத் துக்கமும் தானே ஆறிவிடும் என்றும் இல்லை. வாழ்க்கையே நின்றுபோகும் அளவுக்குத் துக்கம் நீடிப்பதை, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022-ல் ஒரு கோளாறாகச் சேர்த்தது. பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம் கடந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. துக்கத்துக்குக் கெடு வைக்கலாமா என்று எதிர்ப்பும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிச் சிக்கிக்கொண்டவருக்கு உதவி தேவை என்பதும் உண்மை.

மற்றவர்களுக்கு? அடுத்த முறை "மறந்துவிடு" என்று சொல்ல வாயெடுக்கும்போது, அதை விட்டுவிட்டு, போனவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கூட உட்கார்ந்திருங்கள்.