அர்பாப் பார்க்கும் பறவை

மார்பெலும்பை இரண்டு விரலால் தடவிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. எலும்பு கத்திமுனையாகத் துருத்தினால் பறவை இளைத்துக் கிடக்கிறது. தட்டுப்படவே இல்லை என்றால் கொழுத்துவிட்டது; பறக்கவிட்டால் திரும்பி வராது. அபுதாபிக்கு வெளியே, மணல் தொடங்குமிடத்துப் பண்ணை ஒன்றில் இதைச் செய்து காட்டியவர் நல்லூர்க்காரர். ஒரு காலத்தில் விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி அகல் விளக்கும் பொம்மையும் செய்துகொண்டிருந்தவர். சூளையிலிருந்து இறக்கிய பொம்மையை விரலால் சுண்டி, ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடிக்கிற காது அவருக்கு. இன்று அந்தக் காது வல்லூறுகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வளைகுடாவில் வேட்டைக்கும் பந்தயத்துக்கும் வாங்குவது பெரும்பாலும் மூன்று இனங்களை. அரபிகள் ஹுர் என்று சொல்லும் சாக்கர், ஷாஹீன், ஜீர். இவற்றைக் கலந்து பண்ணைகளில் பொரித்த கலப்பினங்களும் ஏராளம். ஜீர் ஆர்க்டிக் பக்கத்துப் பறவை, வல்லூறுகளிலேயே பெரியது. வெள்ளை நிறத்தில் இருந்துவிட்டால் விலை எகிறும். அர்பாப் (முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) கடைக்குள் நுழைந்ததும் கண் அதன்மேல்தான் போகுமாம்.

"வெள்ளையா இருந்தா அவங்களுக்குப் புடிச்சிடும் சார். இந்த வெயிலுக்குத் தாங்குமான்னு என்னைத்தான கேக்கணும்? யாரு கேக்கறாங்க?"

பனிப்பிரதேசத்துப் பறவை, 45 டிகிரி வெயில் அடிக்கும் நாட்டில் வாழ வேண்டும். இந்தச் சூட்டில் ஜீரின் நுரையீரலையும் காற்றுப்பைகளையும் ஒருவகைப் பூஞ்சை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பெர்ஜில்லோசிஸ் என்கிறார்கள் மருத்துவர்கள். குரல் மாறும், மூச்சு இழுக்கும், இரையில் நாட்டம் குறையும். வெளியில் தெரியும்போது பல சமயம் காலம் கடந்திருக்கும். அதனால் கோடை முழுக்க ஏசி அறை. நடு இரவில் மின்சாரம் நின்றால் முதலில் எழுபவர் நல்லூர்க்காரர்தான்.

ஷாஹீன் நமக்கு அந்நியமில்லை. தமிழ்ப் பறவை நூல்களில் பொரி வல்லூறு. குளிர்காலத்தில் நம் கடலோரத்துக்கும் வருகிறது. உயரத்திலிருந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் நாளெல்லாம் பீடத்தில் நிற்கவைத்தால் பாதம் வீங்கிப் புண்ணாகிவிடும். பீடத்தின் தலையில் செயற்கைப் புல் ஒட்டியிருப்பது அதற்காக. ஹுர் வேறு ரகம். மத்திய ஆசியாவின் புல்வெளியில் பிறந்தது. தரையை ஒட்டி விடாமல் துரத்தும், முயலையும் ஹுபாரா என்னும் வரகுக்கோழி இனத்தையும் விரட்டிப் பிடிக்கும், கிடைத்ததைத் தின்று வெயிலையும் பொறுத்துக்கொள்ளும். காட்டில் அருகிப்போன இனம் என்பதால் இன்று விற்பவற்றில் பெரும்பங்கு, காலில் வளையம் மாட்டிய பண்ணைக் குஞ்சுகள்.

நம் ஊருக்கு இதில் எது சரிப்படும் என்று கேட்டுவைத்தேன். சிரித்தார். விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புக்குள் வல்லூறை விட்டால் கிளையில் மோதிக்கொள்ளும். நீண்ட இறக்கைக்கு வெட்டவெளி வேண்டும். மரத்துக்கு மரம் பாயக் குட்டை இறக்கைக்கார வைரிதான் லாயக்கு. வடஇந்தியாவில் முன்பு வைரியை உள்ளங்கையில் ஏந்தி, காடையை நோக்கி ஈட்டி எறிவதைப்போல எறிவார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே அதைப் பிடிப்பதே குற்றம். விடுப்பில் வரும்போது மணிமுத்தாற்றங்கரையில் அண்ணாந்து பார்ப்பதோடு சரி என்றார்.

மறுநாள் ஒரு ஷாஹீனுடன் அபுதாபி வல்லூறு மருத்துவமனைக்குப் போனோம். 1999இல் தொடங்கியது. காத்திருப்பு அறையில் பறவைகள் தோல் முகமூடி போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, நம் அரசு ஆஸ்பத்திரியில் காண முடியாத அமைதியோடு. மயக்க வாயு கொடுத்து நகத்தையும் அலகையும் ராவுகிறார்கள். எனக்குப் பறத்தலைவிடப் பெரிய வித்தையாகப் பட்டது இறகு ஒட்டுவதுதான். உதிர்ந்த இறகுகளை இனம் பிரித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒடிந்த இறகின் தண்டைச் சீராக வெட்டி, உள்ளே மெல்லிய குச்சியைச் செருகி, அதே இனத்தின், அதே இடத்து இறகைப் பசையிட்டுப் பொருத்துகிறார்கள். ஓர் இறகு தப்பான கோணத்தில் நின்றாலும் திரும்புவது கெட்டுவிடும். நல்லூர்க்காரர் மேசையருகே குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றைக் காட்டி ஏதோ சொன்னார். தொழில்நுட்பர் அதைச் சற்றுத் திருப்பினார்.

பறவையின் பாஸ்போர்ட்டையும் அவர்தான் பத்திரமாக வைத்திருக்கிறார். 2002 முதல் அமீரகம் கொடுத்துவருகிறது. செல்லுபடி 3 ஆண்டு. அவருடைய விசாவுக்கு 2.

உங்களுக்கே ஒன்று வாங்கலாம் என்றால் எதை எடுப்பீர்கள் என்றேன். யோசிக்கவே இல்லை.

"ஆண் ஹுர் சார். தீனி கம்மி, சூடு தாங்கும், ஒரு மணி நேரம் ஏந்தி நின்னாலும் மணிக்கட்டு வலிக்காது. ஆனா அர்பாப் பொட்டைதான் கேப்பாரு. அதுதான மூணுல ஒரு பங்கு பெருசு!"

இந்த ஆண்டு வாங்கியது 400 மீட்டர் பந்தயத்துக்காக ஒரு ஜீர்-சாக்கர் கலப்பினம். தராசில் நிறுத்தி, கிராம் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "சாக்கர் பாதி எனக்காக, ஜீர் பாதி அவருக்காகன்னு வச்சிக்கிட்டேன். ஏசியத்தான் பாதியா போட முடியல."