இடைவேளை டப்பா: ஒரு பள்ளி வாரக் குறிப்பு

ஞாயிறு, இரவு

டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தையின் பள்ளித் தின்பண்டத்தைப் பாதி முடிவு செய்வது காலையில் போடும் இன்சுலின் ஊசி. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுவதால் வருவது இந்த நோய். குழந்தை இனிப்பு தின்றதாலோ பெற்றோர் கவனக்குறைவாலோ அது வருவதில்லை. வெளியிலிருந்து ஏற்றிய இன்சுலினுக்கு வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று தெரியாது. தன் நேரம் வந்தால் அது சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும்.

ரெகுலர் என்ற வகை இன்சுலின் போட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்கு வருகிறது. காலை ஏழரைக்கு ஊசி என்றால் பத்தரை மணிக்கு, அதாவது தின்ற இட்லி ஏறக்குறையச் செரித்துவிட்ட வேளையில், மருந்து இன்னும் வேகமாக வேலை செய்துகொண்டிருக்கும். இந்த வகையோடு என்.பி.எச். என்ற இன்னொரு வகை இன்சுலினையும் சேர்த்துப் போடும் குழந்தைக்கு இடைவேளைத் தின்பண்டம் சிகிச்சையின் ஒரு பகுதி. அதைத் தவறவிடக் கூடாது. நீண்ட நேரம் வேலை செய்யும் ஒன்றும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் விரைவாக வேலை செய்யும் ஒன்றுமாக இருவகை இன்சுலின் போடும் குழந்தைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பசித்தால் தின்னலாம், பசிக்காவிட்டால் விடலாம். ஆனால் மாவுச்சத்து மிகுந்த பண்டம் என்றால் அதற்கும் ஊசி தேவைப்படும். பதினொன்றுக்கு ஒரு ஊசி, ஒரு மணிக்குள் மதியச் சாப்பாட்டுக்கு மறு ஊசி என்று போட்டால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பிற்பகலில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். எந்த அளவுவரை ஊசியின்றித் தின்னலாம் என்பதை அந்தக் குழந்தையின் மருத்துவரிடம் எண்ணாகவே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

திங்கள், காலை

ஒரு பண்டம் இனிக்குமா இனிக்காதா என்பதைவிட, அதில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்பதே முதலில் பார்க்க வேண்டியது. சர்க்கரை, அரிசி, கோதுமை, கிழங்கு, பழம், பால் எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்து ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் வந்து சேர்கிறது. எட்டு வயது, 24 கிலோ எடை என்று ஒரு குழந்தையை வைத்துக்கொண்டால், இடைவேளைக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து பெரும்பாலும் போதும். நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் இருக்கும். சிறிய ஏலக்கி வாழைப்பழத்தில் 12 முதல் 15, பெரிய வாழைப்பழத்தில் 25-க்கு மேல். ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்றால், 10. மேரி பிஸ்கட் ஒன்றுக்கு 4 அல்லது 5. 50 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 13 அல்லது 14. அதிலும் ஒரு பங்கு நார்ச்சத்து. வீட்டுக்கு வீடு இட்லித் தட்டின் குழி வேறு, கரண்டி வேறு. ஆகவே சமையலறையில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு இருப்பது நல்லது. ஒரு மாதம் நிறுத்துப் பார்த்தால் கண்ணே அளவு சொல்லப் பழகிவிடும்.

அடுத்தது வேகம். ஒரே அளவு மாவுச்சத்து உள்ள இரண்டு உணவுகள் ரத்தச் சர்க்கரையை ஒரே மாதிரி ஏற்றுவதில்லை என்பதை அளந்து, 1981-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கிளைசீமிக் குறியீட்டை வெளியிட்டார்கள். அரிசிப் பொரி, கார்ன்ஃப்ளேக்ஸ், வெள்ளை ரொட்டி வேகமாக ஏற்றுபவை. பயறுகளும் கடலைகளும் மெதுவாக ஏற்றுபவை.

இந்த இரண்டு கணக்கிலும் தேறுவது சுண்டல். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை என்று நாளுக்கு ஒன்றாக மாற்றலாம். சர்க்கரையை மெல்ல ஏற்றும், பசி தாங்கும், புரதமும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. பள்ளித் தின்பண்டமாகத் தமிழ்ச் சமையலறையில் இதைவிடச் சிறந்தது வேறில்லை என்று துணிந்து சொல்லலாம். ஒரே ஒரு கவனம்: தேங்காய்த் துருவல் சேர்த்தால் வெயில் காலத்தில் பதினோரு மணிக்குள் ஊசிப்போகக்கூடும், பள்ளிக்குக் கொடுத்து அனுப்பும் சுண்டலுக்குத் தேங்காய் வேண்டாம்.

குழந்தை உண்மையில் தின்று முடிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். பத்து நிமிட இன்டர்வெல்லில் பாதி நேரம் கை கழுவவும் கழிப்பறைக்கும் போய்விடுகிறது. ஊசியும் போட்டு டப்பாவில் பாதியை மீதி வைத்தால் சர்க்கரை இறங்கும். அளவில் சிறியதாக, குழந்தைக்குப் பிடித்ததாக, ஒட்டாமல் வழியாமல் தின்னக்கூடியதாகப் பண்டம் இருப்பது, அதன் சத்துப் பட்டியலுக்குக் குறையாத முக்கியம்.

செவ்வாய், மாலை

கடையிலும் உறவுக்காரர் வீட்டிலும் மிக அதிகமாகக் கேட்கும் பேச்சு, வெல்லம் ஒன்றும் செய்யாது, கருப்பட்டி நல்லது, தேன் இயற்கையானது என்பது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை மூன்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே. தேனும் சர்க்கரைதான், கூடவே கொஞ்சம் தண்ணீர். சில தாதுக்கள் கூடுதலாக இருக்கலாம். இன்சுலின் கணக்கில் அதனால் எந்தச் சலுகையும் இல்லை. வெள்ளைச் சர்க்கரையைத் தவிர்த்த நிம்மதியில் கருப்பட்டிப் பணியாரத்தைக் கணக்கில்லாமல் கொடுப்பதுதான் ஆபத்து. எண்ணிக் கொடுத்தால் பணியாரமும் டப்பாவில் இருக்கலாம்.

கேழ்வரகுக்கும் கம்புக்கும் இதே விதி பொருந்தும். 100 கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல். முழுத் தானியமாக அடையோ ரொட்டியோ செய்தால் நார்ச்சத்து இருப்பதால் மெதுவாகச் செரிக்கும். அதையே நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் விரைவில் ரத்தத்துக்கு வந்துவிடும்.

உறையில் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அச்சிட்ட பிஸ்கட்டிலும் மைதாவோ கோதுமை மாவோ இருக்கிறது. உறையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையில் மொத்த மாவுச்சத்து என்ற வரியைப் பார்க்க வேண்டும். அந்த எண் பெரும்பாலும் 100 கிராமுக்குத் தரப்படும். ஒரு பிஸ்கட்டின் எடைக்கு வகுத்துக்கொள்வது பெற்றோர் வேலை. முறுக்கு, சீடை, மிக்சர் போன்றவற்றில் மாவோடு எண்ணெயும் சேர்வதால், சர்க்கரை தாமதமாக ஏறி நெடுநேரம் நிற்கும். இன்டர்வெல்லில் தின்ற முறுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அளவீட்டில் தெரிவதுண்டு.

புதன், காலை

விளையாட்டு பீரியட் உள்ள நாள். ஓடும்போது தசைகள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸைக் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. உடம்பில் இன்சுலின் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்த இறக்கம் இன்னும் கூடும். மற்ற நாட்களில் சுண்டல் போதும் என்றால், புதன்கிழமை அதனோடு ஒரு வாழைப்பழம் வேண்டும். மைதானத்துக்குப் போகுமுன் விரல் குத்திப் பார்ப்பதோ, கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் இருந்தால் அதைப் பார்ப்பதோ அவசியம். சர்க்கரை டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தின்றுவிட்டுத்தான் ஆட வேண்டும். அன்றிரவு தூக்கத்தில்கூடச் சர்க்கரை இறங்கலாம் என்பதால் படுக்கும் நேர அளவீடும் தவறக் கூடாது.

இதற்கு எதிரான நிலையும் வரும். இன்டர்வெல்லில் பார்த்தால் 280 இருக்கிறது, குழந்தைக்குப் பசிக்கிறது. பட்டினி போடுவது சிகிச்சை ஆகாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த திருத்த அளவு ஊசியோடு, மாவுச்சத்து மிகக் குறைந்த ஒன்றைத் தின்னக் கொடுக்கலாம். அவித்த முட்டை, பனீர்த் துண்டு, வெள்ளரிக்காய், ஒரு கை வறுத்த வேர்க்கடலை எல்லாம் இதற்கு உதவும். 30 கிராம் வேர்க்கடலையில் மாவுச்சத்து 5 கிராம் அளவுதான். சர்க்கரை தொடர்ந்து 250-க்கு மேல் நின்று, வாந்தியோ வயிற்றுவலியோ சேர்ந்தால் அது தின்பண்ட விஷயம் இல்லை. ரத்தத்திலோ சிறுநீரிலோ கீட்டோன் அளவைப் பார்த்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

வியாழன், பகல்

பையில் இன்னொரு டப்பா இருக்க வேண்டும். அதற்குள் இருப்பது மருந்து. சர்க்கரை 70-க்குக் கீழே போவதைத்தான் வீடுகளில் ‘லோ ஆகிவிட்டது’ என்கிறார்கள். வியர்வை, கை நடுக்கம், முகம் வெளுப்பது, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம், கேள்விக்குப் பதில் வராத வெறித்த பார்வை என்று அது தெரியும். அப்போது தேவைப்படுவது, மற்ற வேளையில் தவிர்க்கும் அதே வேகமான சர்க்கரை. எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்பது குழந்தைகளுக்கான அளவு. 24 கிலோ குழந்தைக்கு அது 7 கிராம் சொச்சம். 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை என்றால் இரண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்கு 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

சாக்லேட், கடலைமிட்டாய், கிரீம் பிஸ்கட் எதுவும் இந்த டப்பாவுக்கு ஆகாது. அவற்றின் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். அவசரத்தில் அந்தத் தாமதம் பொல்லாதது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எண்ணித் தின்றால் நல்ல இடைவேளைப் பண்டம். லோ ஆனபோது அது உதவாது. சுண்டலும் அப்படித்தான், மெதுவாகச் செரிப்பதே அங்கே அதன் குறை. லோ சரியானபின், அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால், இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சுண்டலோ கொடுப்பது சர்க்கரை மறுபடி இறங்காமல் தடுக்கும்.

இந்த டப்பாவை ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டி வைக்கக் கூடாது. அது குழந்தையின் பையிலும், ஒன்று கிளாஸ் டீச்சரிடமும், முடிந்தால் இன்னொன்று பள்ளி வேனிலும் இருக்க வேண்டும். லோ ஆன குழந்தையைத் தனியாக வேறு அறைக்கு அனுப்பக் கூடாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

வெள்ளி, மாலை

வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள், எல்லோர் கையிலும் மிட்டாய். டைப் 1 குழந்தை அதைத் தொடவே கூடாது என்பது பழங்காலத்து எண்ணம். இன்சுலின் வருமுன் இந்த நோய்க்கு இருந்த வைத்தியம் பட்டினி ஒன்றுதான். அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் உணவைக் கடுமையாகக் குறைத்துச் சில நோயாளிகளின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டித்தார். 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டதோடு அந்தக் காலம் முடிந்தது. இன்று இந்தக் குழந்தைக்கும் அதே வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டிய அளவு உணவு வேண்டும். அளவான இனிப்புக்கும் அதில் இடம் உண்டு. அந்த மிட்டாயை வாங்கிக்கொள்ளாதே என்று சொல்வதைவிட, வாங்கி வைத்திருந்து சாப்பாட்டோடு, ஊசிக் கணக்கில் சேர்த்துத் தின்னச் சொல்வது நல்லது. முழுக்கத் தடுத்தால் குழந்தை ஒளித்துத் தின்னப் பழகும். ஒளித்துத் தின்றது கணக்கில் வராது என்பதோடு, குழந்தையின் மனமும் வாடும். டப்பாவில் இருப்பது பக்கத்துப் பிள்ளை கேட்டு வாங்கித் தின்னும்படி இருப்பதே சரி.

விதிகளும் துணைக்கு இருக்கின்றன. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சாண்ட்விச், தண்ணீர் கொண்டுபோக 2017-ல் சி.பி.எஸ்.இ. அனுமதித்தது. இத்தகைய குழந்தைகள் வகுப்பு நேரத்திலும் சர்க்கரை பார்க்க, ஊசி போட, காலை, பிற்பகல் தின்பண்டம் தின்ன இடம் தர வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதியது. இந்தச் செய்தி வகுப்பறைவரை வந்து சேர, பெற்றோர் ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கிளாஸ் டீச்சர் கையில் கொடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

சனி, காலை

வாரம் முழுக்கக் குறித்த எண்களைப் பார்க்கும் நாள். ஒரு பண்டம் இந்தக் குழந்தைக்கு ஒத்துவருகிறதா என்பதைத் தின்னுமுன் ஒரு அளவீடும் இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றும் சொல்லிவிடும். பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். ஒரே நாள் ஏறியதை வைத்து எதையும் விலக்க வேண்டாம். தூக்கமின்மை, காய்ச்சல், பரீட்சைப் பயம் எல்லாம் சர்க்கரையை ஏற்றும். அதே பண்டத்துக்கு அதே நேரத்தில் மூன்று நான்கு முறை அப்படியே வந்தால் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாம். ஊசியின் அளவை மாற்றுவது மருத்துவரைக் கேட்டபின்.

டைப் 1 உள்ள குழந்தைகளில் சிலருக்குச் சீலியாக் என்ற கோதுமை ஒவ்வாத நோயும் சேர்ந்து வருவதால், ரத்தப் பரிசோதனையில் அதையும் பார்ப்பது வழக்கம். அது இருந்தால் பிஸ்கட், ரொட்டி, சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாம் டப்பாவை விட்டு விலகும். இட்லி, இடியாப்பம், சுண்டல், வேர்க்கடலை, பழம், முட்டை நிற்கும். ஆனால் கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அந்தக் குழந்தையின் சுண்டலுக்கு, கோதுமை சேராதது என்று உறையில் படித்து வாங்கிய பெருங்காயத்தைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கடுகும் கறிவேப்பிலையும் மட்டும் தாளித்தால் போதும்.