வெள்ளைச் சீருடையும் ப்ளீச் போத்தலும்



திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் போனால் சில பிள்ளைகளின் சீருடையில் ப்ளீச் வாசம் மூக்கில் அடிக்கும். ஞாயிறு இரவு உம்மாமார் பட்ட பாடு அந்த வாசத்திலேயே தெரியும். போன தவணை ஒரு பிள்ளையின் கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. தாயிடம் கேட்டேன். "என்ன செய்ற டீச்சர், எவ்வளவு ஊத்தினாலும் மஞ்சளாத்தான் வருது. அதனால ஒவ்வொரு கிழமையும் கூட ஊத்துறன்" என்றார்.

அவரைப் போலப் பலர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்த மஞ்சளுக்குப் பல நேரம் ப்ளீச்சேதான் காரணம்.

வியர்வை போகாத கொலரில் ப்ளீச் பட்டால் மஞ்சள் கூடும். கிணற்று நீரில் இரும்பு இருந்தால் ப்ளீச் அதைத் துருவாக்கித் துணியில் படிய வைக்கும். ஹிஜாபுக்குள் போடும் இழுபடும் தொப்பி, நைலோன், பட்டு இவற்றுக்கு ப்ளீச் ஆகாது. பருத்தி தாங்கும், ஆனால் அளவு மிஞ்சினால் அதுவும் இத்துப்போகும்.

முதலில் சவர்க்காரம் போட்டுக் கொலரையும் கமுக்கட்டையும் நன்றாகக் கசக்கி அலசுங்கள். பிறகு பிளாஸ்டிக் வாளியில் 5 லீட்டர் பச்சைத் தண்ணீர் எடுத்து, 4 மேசைக்கரண்டி ப்ளீச்சைக் கலக்குங்கள். போத்தலில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். கலக்கிய பிறகுதான் துணியைப் போட வேண்டும். துணி மேல் நேரே ஊற்றினால் அந்த இடம் ஓட்டையாகும். 5 நிமிடம் போதும், இரவு முழுக்க ஊற வேண்டியதில்லை. மூன்று தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். கையுறை போட்டு, காற்றுப் படும் இடத்தில் செய்யுங்கள். இரும்புத் தண்ணீர் உள்ள வீட்டில் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். துருக்கறைக்குத் தேசிக்காய் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். தேசிக்காய், வினாகிரி, மலசலகூடம் கழுவும் அசிட் எதையும் ப்ளீச்சோடு சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் முதலாம் உலகப் போரில் படையினர் மேல் விட்ட அதே வாயு. பூட்டிய குளியலறையில் அது நெஞ்சை அடைக்கும். மூத்திரம் பட்ட துணியையும் முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள். அதில் உள்ள அமோனியாவும் ப்ளீச்சோடு சேர்ந்து நச்சு வாயு தரும். தொண்டை எரிந்தால், இருமல் வந்தால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் கொடுப்பதற்காக ப்ளீச்சைச் சோடாப் போத்தலில் ஊற்றாதீர்கள். விளையாடிவிட்டுத் தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர்தான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாயைக் கழுவி, அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஒரு டீச்சராக ஒன்று சொல்கிறேன். சீருடை சுத்தமாக இருந்தால் போதும். பழைய சட்டை கொஞ்சம் மங்கலாக இருப்பது குற்றமில்லை. அதற்காக எந்தப் பிள்ளையும் என் வகுப்பில் தலைகுனிந்து நிற்கத் தேவையில்லை, எந்த உம்மாவும் இரவில் மூச்சுத் திணறத் தேவையில்லை.

வீட்டில் துணி கழுவுகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.