மணப்பாட்டுக் குகையில் கற்ற பாடம்

திருச்செந்தூரிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில், குலசேகரப்பட்டினத்தைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால், கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு மணற்குன்று கண்ணிற்படும். குன்றின் உச்சியில் வெண்ணிறக் கோயில் ஒன்று. அதன் அருகே கலங்கரை விளக்கம். கீழே கருமேனியாறு கடலைத் தேடி வரும் கழிமுகம். இதுவே மணப்பாடு. திருச்சிலுவையின் பெயரால் நம் முன்னோர் நெஞ்சில் இடம்பெற்ற ஊர்.

சென்ற செப்டம்பர் மாதக் கடைசியில், திருச்சிலுவைத் திருவிழாவின் கூட்டம் கலைந்த பின்னர், எங்கள் பங்கின் மறைக்கல்விப் பிள்ளைகள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றேன். அருட்சகோதரிகள் இருவரும், பெற்றோர் சிலரும், முதியவர் ஒருவரும் உடன் வந்தனர். பிள்ளைகளுக்குப் பாடம் கற்பிப்பதே பயணத்தின் நோக்கம். ஆனால் அன்று பாடம் கற்றவன் நானே என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குன்றின் மேலுள்ள திருச்சிலுவைக் கோயிலை முதலில் தரிசித்தோம். புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவர், உயிர் தப்பினால் கரையில் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, உடைந்த பாய்மரத்தைக் கொண்டே 1540-ஆம் ஆண்டில் இக்குன்றின் மேல் சிலுவை நிறுத்தினார் என்பது வழிவழி வரும் செய்தி. 1581-இல் அவ்விடத்தில் கோயில் எழுந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் வரை இங்குத் திருவிழா நடைபெறுகின்றது.

கோயிலிலிருந்து இறங்கிக் கடலை நோக்கிய பாறைச் சரிவுக்கு வந்தால், புனித சவேரியார் தங்கிச் செபித்த குகையைக் காணலாம். அலை ஓசை இடைவிடாது கேட்கும் இடம் அது. உள்ளே பத்துப் பேர் சேர்ந்தாற்போல் நிற்பதும் கடினம். எனவே பிள்ளைகளைச் சிறுசிறு குழுக்களாக உள்ளே அனுப்பி, பிறகு எல்லாரையும் வெளியே நிழலில் அமர்த்திக் கதை சொல்லத் தொடங்கினேன்.

சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-ஆம் ஆண்டு அக்டோபரில். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்கு மறையைக் கற்பிக்க ஆள் இல்லை. நவார் நாட்டில் பிறந்து, பாரிஸ் நகரில் பயின்ற அந்த மேதைக்கோ தமிழ் தெரியாது. அவர் என்ன செய்தார்? இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, பல நாள் பாடுபட்டு, பரலோக மந்திரத்தையும், அருள் நிறை மந்திரத்தையும், விசுவாசப் பிரமாணத்தையும், கற்பனைகளையும் தமிழில் ஆக்கச் செய்தார். பின்னர் ஒரு பள்ளிச் சிறுவனைப் போல அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளை அழைத்து, நாள்தோறும் இருமுறை கற்பித்தார். கற்ற பிள்ளைகள் வீடு திரும்பிப் பெற்றோருக்குக் கற்பித்தனர். நோயாளிகளின் வீடுகளுக்குத் தாம் போக முடியாதபோது அப்பிள்ளைகளையே செபம் சொல்ல அனுப்பினார்.

இவ்விடத்தில், பிள்ளைகளைச் சிரிக்க வைக்க எண்ணி, இன்னொரு செய்தியையும் சொன்னேன். அந்த முதல் தமிழ் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு பிழை இருந்தது. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில், 'எனக்கு வேண்டும்' என்னும் பொருள்பட ஒரு சொல் நுழைந்துவிட்டது. அதை அறியாமலே சவேரியார் ஊர்தோறும் கற்பித்து வந்தார். பின்னாளில் பிழையை உணர்ந்து, தம் உடனுழைப்பாளரான மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார்.

பிள்ளைகள் சிரித்தனர். பின்வரிசையில் ஒரு சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கேட்டான்:

"சாமி, சவேரியாரும் தப்பாத்தான் சொன்னாரா? அப்ப அவருக்கு நன்மை குடுக்காம நிறுத்தலையா?"

அலை ஓசை தவிர வேறு ஓசை இல்லை. அருட்சகோதரி ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்பார்ந்த பெற்றோரே, அந்தக் கேள்வியின் பொருள் உங்களுக்கு விளங்க வேண்டுமானால், என் குறையைச் சொல்லியாக வேண்டும். அச்சிறுவனுக்கு வயது பதினொன்று. வாசிப்பதும் மனப்பாடம் செய்வதும் அவனுக்கு மலையேறுவது போல. புதுநன்மைக்கு முன் நான் வைத்த தேர்வில், விசுவாசப் பிரமாணத்தின் நடுப்பகுதி வந்ததும் தடுமாறி நின்றுவிட்டான். "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றேன். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்றான். மற்றப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே மீண்டும் அதே சொற்களைச் சொன்னேன். புதுநன்மை நாளன்று அவனுடைய தாய் கோயிலின் கடைசித் தூணருகே நின்று கண்ணீர் விட்டதைப் பீடத்திலிருந்து பார்த்தேன். 'ஒழுங்கு என்றால் ஒழுங்குதான். பொறுமையாகக் காத்திருக்கட்டும்' என்று என் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

இத்தனைக்கும் குருமடத்தில் நான் கற்றது வேறு. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் புனித பத்தாம் பத்திநாதரின் ஆணைப்படி வெளியான நற்கருணை ஆணை, குழந்தைக்கு மறையறிவு முழுமையாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. சாதாரண அப்பத்திற்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, தன் வயதிற்கேற்ற பக்தியோடு அணுகினால் போதும் என்கின்றது. மீதியைப் பின்னர்ப் படிப்படியாகக் கற்கலாம். இதை அறிந்திருந்தும் மறந்தேன்.

சிறுவனின் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை மிகவும் சிறியது. "நிறுத்தவில்லை, தம்பி. ஆண்டவர் அவருக்காகப் பொறுத்திருந்தார்" என்றேன். அதற்கு மேல் பேச இயலவில்லை.

திரும்பும் வழியில், பனைகள் அடர்ந்த ஒரு தேரிக்காட்டு நிழலில் வண்டியை நிறுத்திக் கட்டுச்சோறு உண்டோம். உடன் வந்த முதியவர் அச்சிறுவனின் தாத்தா, இளமையில் பனையேறியவர். அருகே யாரோ புதிதாகப் பனங்கொட்டைகளை வரிசையாகப் பதித்து மணல் மூடியிருந்தார்கள். பிள்ளைகளில் ஒருவன் குச்சியால் மணலைக் கிளறத் தொடங்கவே, பெரியவர் அவனைத் தடுத்தார். பின்னர் என் பக்கம் திரும்பினார்.

"சாமி, பயறு போட்டா மூணாம் நாள் மொளை தெரியும். பனை அப்படி இல்ல. அது மொதல்ல கீழதான் போவும். மூணு மாசம் மேல ஒண்ணுமே தெரியாது. பொறுக்க மாட்டாம நோண்டிப் பாத்தா கெழங்கு வெளங்காது."

அவர் சொன்னது முற்றும் உண்மை. ஆவணி புரட்டாசியில் பதிக்கும் கொட்டை, மண்ணுக்குள்ளேதான் முளைவிட்டு இறங்குகின்றது. அதுவே தை பிறக்கும்போது நாம் அவித்து உண்ணும் பனங்கிழங்கு. பிடுங்காமல் விட்டால் ஓலை விட்டு, வடலியாகி, பாளை விட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாகும். இறையாட்சியை ஆண்டவர் எதற்கு ஒப்பிட்டார்? விதைத்தவன் இரவில் உறங்கி, பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாமலே முளைத்து வளரும் விதைக்கன்றோ, புனித மாற்கு நான்காம் அதிகாரத்தில் ஒப்பிடுகிறார்! அதன்மேல் எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆனால் கையில் குச்சியோடு மணலைக் கிளறியவன் நான்தான் என்பது அன்று வரை எனக்குத் தோன்றவில்லை.

காத்திருக்க வைப்பது வேறு, காத்திருப்பது வேறு. முன்னது அதிகாரம், பின்னதே பொறுமை. நான் சிறுவனைக் காத்திருக்க வைத்தேன், அவனோடு காத்திருக்கவில்லை. சவேரியாரோ, 1544-இல் இதே மணப்பாட்டிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்களில், மக்களை அன்போடு நடத்தும்படியும் அவர்களிடம் பொறுமை காட்டும்படியும் மீண்டும் மீண்டும் வேண்டுகிறார்.

ஊர் திரும்பியதும் சிறுவனைக் கோயிலுக்கு அழைத்தேன். மனப்பாடம் கேட்கவில்லை. நற்கருணைப் பேழையைக் காட்டி, "அங்கே இருப்பது என்ன?" என்றேன். "என்னன்னு கேக்கக் கூடாது சாமி, யாருன்னு கேக்கணும். இயேசுசாமி" என்றான். அதற்குமேல் ஒரு தேர்வு எதற்கு? டிசம்பர் 3-ஆம் நாள், சவேரியார் திருநாளன்று, அவன் புதுநன்மை வாங்கினான். அவனுடைய தாய் அன்று முதல் வரிசையில் இருந்தார். விசுவாசப் பிரமாணத்தின் நடுப்பகுதியில் இன்னும் தடுமாறத்தான் செய்கிறான். ஞாயிறுதோறும் அவனருகே நின்று நானும் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய பனங்கொட்டைகள் உண்டு. மாலைச் செபத்தில் தூங்கி வழியும் குழந்தை, பூசைக்கு வர மறுக்கும் வாலிபன், ஒரே தவற்றைப் பலமுறை செய்து நிற்கும் மகள். அவர்களைப் பிறர் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். பத்து மணி செபமாலை சொல்ல முடியாத பிள்ளையோடு ஒரு மணியாவது சேர்ந்து சொல்லுங்கள். பொறுமையைப் பிள்ளைக்குச் சொல்லால் கற்பிக்க இயலாது. நம் பொறுமையைக் கண்டே அது பொறுமை பழகும். கோபத்தில் நீங்கள் தவறிப் பேசினால், அதற்காகப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவும் தயங்காதீர்கள். அந்தச் சிறுவனிடம் நானும் கேட்டேன்.

வாய்ப்புக் கிடைத்தால் மணப்பாட்டிற்குப் பிள்ளைகளோடு ஒருமுறை சென்று வாருங்கள். குகையில் சற்று நேரம் மௌனமாக நில்லுங்கள். பிறமொழிச் சொற்களைத் தட்டுத்தடுமாறிக் கற்று, பிழையோடு கற்பித்து, பிழையைத் திருத்திக்கொண்ட ஒருவரின் வழியாகத்தான் இக்கரையில் விசுவாசம் வேரூன்றியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விதைப்பது நம் கடமை. விளையச் செய்பவர் இறைவன். மண்ணுக்கடியில் நடப்பதை அவர் அறிவார்.