இளைத்த கை

பழைய இலக்கியத்தில் தலைவியின் கைவளை நெகிழ்ந்தால் தோழிக்கு உடனே காரணம் விளங்கிவிடும். பொருள் தேடப் போனவன் இன்னும் திரும்பவில்லை! நம் வீடுகளிலோ, அறுபது வயதுப் பெண்மணியின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கினால், "இளைத்தது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வேறு காரியம் பார்க்கப் போய்விடுகிறோம்.

என் அத்தைக்கு அப்படித்தான் ஆயிற்று. குச்சிக் கைகள், வயிறு மட்டும் சற்று மேடு. பருப்பையும் காயையும் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, மோர் சாதத்தோடு எழுந்துவிடுவாள். எழுந்திருக்கவும் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஸ்கான் எடுத்த டாக்டர், கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார். "எனக்கா? எங்கே இருக்கிறது டாக்டர் கொழுப்பு? கொஞ்சம் காட்டுங்களேன்!" என்றாள் அத்தை.

நியாயமான கேள்விதான். ஆனால் உடம்பின் கணக்கு வேறு. உண்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்ததும், இன்சுலின் சொல் கேட்டு அதில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசை. வீட்டுக்குக் குதிர் மாதிரி. குதிர் சிறுத்துவிட்டாலோ, கதவு திறக்காவிட்டாலோ, மிஞ்சிய நெல் கல்லீரலின் தலையில் விழுகிறது. அது சர்க்கரையைக் கொழுப்பாக்கித் தன்னிடமே அடுக்கிக்கொள்கிறது. கல்லீரல் முற்றக் கெட்டாலோ, தசை மேலும் கரைகிறது. அப்போது ரத்தத்தில் தேங்கும் அம்மோனியாவை ஓரளவு ஏற்றுக்கொள்வதும் இந்தத் தசைதான். உதவிக்கு வர வேண்டியவனே படுத்துவிட்டால் என்ன செய்வது?

முதுமையில் தசை கரைவதற்கு 1989-இல் அமெரிக்கரான இர்வின் ரோஸன்பர்க் 'ஸார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'தசை வறுமை' என்று பொருள். வறுமை என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியே தெரியாமல் கௌரவமாக வாழும் குடும்பத்து வறுமை அது.

2004-இல் 'லான்ஸெட்' பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் லண்டன் யூட்கின். மற்றவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். உயரத்துக்கு எடை பார்க்கும் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் கொழுப்போ, யூட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! ஒல்லியாகத் தெரியும் இந்தியன் ஒல்லியல்ல என்பதற்கு அவர்கள் தங்களையே சாட்சி வைத்தார்கள்.

தராசை நம்பிப் பயனில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்று ஆசிய நிபுணர் குழு 2019-இல் சொன்னது. வீட்டிலுள்ள பெரியவர்களையும் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன், அவர்கள் இலையில் பருப்பு விழுகிறதா என்று பாருங்கள்.