மண்பாதை வண்டியும் மணிக்கணக்கும்

களப்பணிக்கு ஏற்ற மண்பாதை வண்டி எது என்று இவ்வாண்டு மட்டும் நான்கைந்து இளம் ஆய்வாளர்கள் என்னிடம் கேட்டுவிட்டனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட, எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

புணேயில் இருப்பவர்க்கு இந்த ஆசை எழுவது இயல்பே. கேடிஎம் வண்டிகள் உருவாகும் பஜாஜ் ஆலை அருகிலுள்ள சாக்கனில் இருக்கிறது. இந்திய சூப்பர்கிராஸ் தொடரின் முதல் சுற்று 2024 சனவரியில் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில்தான் நடந்தது. ஆனால் அங்கே மண்மேடுகளைத் தாண்டிப் பறந்தவை பந்தயத் திடலுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்குப் பதிவெண் கிடையாது. சாலையில் ஓட்ட இயலாது. திடல்வரை இன்னொரு வாகனத்தில் ஏற்றிச் செல்ல வேண்டும். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் வாழும் இளநிலை ஆய்வாளர் அவற்றை மறந்துவிடலாம்.

நமக்கு வேண்டியது தார்ச்சாலையிலும் மண்ணிலும் ஓடும் வண்டி. குதிரைத்திறனைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் இருக்கையின் உயரம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியில் அது 825 மி.மீ.; கேடிஎம் 390 எண்டூரோ ஆர் வண்டியில் 860 மி.மீ. சமதரையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சரிவில் நின்றுபோன வண்டியிலிருந்து ஒரு கால் மண்ணைத் தேடும்போதுதான் தெரியும். அடுத்தது எடை. மண்பாதையில் வண்டி சாய்வது உறுதி. அதைத் துணையின்றி நிமிர்த்த முடியுமா என்று விற்பனையகத்திலேயே சாய்த்துப் பார்க்கக் கேளுங்கள். மூன்றாவது சக்கரம். 21 அங்குல முன்சக்கரம் கற்களின் மேல் எளிதாக ஏறும். கம்பிச் சக்கரம் கோணினால் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். வார்ப்புச் சக்கரம் விரிசல் கண்டால் மாற்றியே ஆகவேண்டும். இறுதியாக, உங்கள் களத்துக்கு அருகிலுள்ள சிற்றூர் மெக்கானிக்கிடம் அதன் உதிரிப் பாகங்கள் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

இனிப் பராமரிப்பு. இதில் ஆய்வாளர்க்கு எளிதில் விளங்கக்கூடிய அளவியல் சிக்கல் ஒன்று உண்டு. கையேடுகள் கிலோமீட்டரில் பேசுகின்றன. முதல் கியரில் பாறை மேட்டில் ஒருமணி நேரம் ஊர்ந்தால் மீட்டரில் பத்துக் கிலோமீட்டர்கூட ஏறாது. இன்ஜினோ ஒருமணி நேரம் முழுதும் வெந்திருக்கும். பந்தய வண்டிகளுக்கு ஆயில் மாற்றுவதையும் பிஸ்டன் மாற்றுவதையும் மணிக்கணக்கில் குறிப்பது இதனால்தான். களக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், மண்ணில் ஓடிய மணிகளை எழுதி வாருங்கள். ஆயில் மாற்றும் நாளை அது முன்கூட்டியே சொல்லும்.

கோடையில் பகை புழுதி. காற்று வடிகட்டி அடைபட்டால் இன்ஜின் திணறும். வடிகட்டி கிழிந்திருந்தால் தூசி உள்ளே புகுந்து பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும். பஞ்சு வடிகட்டி என்றால் கழுவி, உலர்த்தி, அதற்கான எண்ணெய் தடவலாம். காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மழைக்காலத்தில் பகை கரிசல் சேறு. அது செயினில் ஒட்டிக் காயுமுன் துலக்கி, எண்ணெயிட்டு, தொய்வைச் சரிபாருங்கள். உயரழுத்த நீரைச் சக்கர அச்சின் மேல் பீய்ச்சினால் பேரிங்கின் கிரீஸ் கழன்றுபோகும். ஓடையில் வண்டி மூழ்கிய பின் ஆயில் பால்நிறமாகத் தெரிந்தால், இன்ஜினை இயக்காமல் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

இவ்வளவு அக்கறை எதற்கு? சகியாத்திரி மேட்டுச் சமவெளிகளில் நான் தேடும் சிறுதாவரங்கள் மழையோடு முளைத்து, பூத்து, சில வாரங்களில் மடிந்துவிடுகின்றன. அந்த வாரங்களில் வண்டி நின்றால் அடுத்த மழைவரை தரவு இல்லை. ஆய்வேடும் ஓராண்டு தள்ளிப்போகும். அறுந்த செயினின் உண்மையான விலை அது.

ஒன்றை வலியுறுத்தி முடிக்கிறேன். அச்சமவெளிகளில் பாறைமேல் படிந்திருக்கும் மண் பல இடங்களில் சில விரற்கடை ஆழமே. மழையில் குழைந்த அந்த மண்ணில் ஒரு டயர் கீறிய தடம் நீரோட்டத்தையே திருப்பிவிடும். எவ்வளவு திறமான வண்டியாயினும் விளிம்பிலேயே நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். தாவரங்கள் இருக்குமிடம்வரை நம்மைக் கொண்டுசேர்ப்பதே வண்டியின் வேலை. அவற்றின் மேல் ஏறுவதன்று.