நடப்பதற்கு ஓர் ஊர்

எழுபது வயதைத் தாண்டிய ஒருவன் ஊர் மாறப்போவதாகச் சொன்னால், நம்மவர்கள் உடனே கேட்பது "கனடாவுக்கா, அவுஸ்திரேலியாவுக்கா?" என்றுதான். கண்டிக்கு என்று நான் பதில் சொன்னதும் ஒரு சிறு மௌனம். பன்விலவுக்காகவும் இருக்கலாம் என்றால் அந்த மௌனம் இன்னும் சற்று நீள்கிறது. வெள்ளவத்தையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, அதுவும் பத்திரிகைத் தொழிலிலேயே காலத்தைக் கழித்துவிட்டு, நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் போய் என்ன செய்யப் போகிறீர் என்று மூத்த நண்பர் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். நடக்கப் போகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

வேடிக்கைக்காகச் சொன்ன பதில் அன்று. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்கப் போகிறார். இந்த வருட முடிவுக்குள் வேறிடம் பார்த்தாக வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் எனக்கு இருதய சிகிச்சை ஒன்று நடந்தது. நாளுக்கு ஒரு மணி நேரமாவது நடந்தே தீரவேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. மெல்பேர்னில் இருக்கும் மகள் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் இதையே சொல்கிறாள். "அப்பா, கார் இல்லாமலே எல்லா வேலையும் முடிக்கிற ஊராப் பாருங்க. மரம், மலை, தண்ணி பக்கத்துல இருக்கணும். கொழும்புல உங்களுக்கு என்ன இருக்கு?" கொழும்பில் எனக்குக் கடல் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மெரைன் டிரைவ் சமதரை; முழங்கால் நோகாது; காற்றும் உண்டு. காலை ஏழரை மணிக்கு மேல் அந்த வெயிலில் நடக்கத்தான் முடிவதில்லை.

மேல்நாடுகளில் இது இப்போது பெரிய விடயமாகிவிட்டது. கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியர் 2016இல் 'பதினைந்து நிமிட நகரம்' என்றொரு கருத்தை முன்வைத்தார். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால், அல்லது சைக்கிளில் போனால், தொழில், கடை, பள்ளிக்கூடம், வைத்தியம், பூங்கா எல்லாம் கிடைக்க வேண்டும். 2020இல் பாரிஸ் மேயர் தேர்தலில் ஆன் இடால்கோ இதையே தமது வாக்குறுதியாக்கி வெற்றியும் பெற்றார். மகள் அனுப்பியிருந்த கட்டுரைகளில் இதைப் படித்தபோது நான் பிறந்த தோட்டம் நினைவுக்கு வந்தது. பன்விலவிலிருந்து மடுல்கலைப் பக்கமாகப் போனால் வரும் தோட்டங்களில் அதுவும் ஒன்று. அங்கே எல்லாமே பதினைந்து நிமிட நடைக்குள்தான் இருந்தன. லயத்திலிருந்து பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, ஸ்டோர், கடை, மாரியம்மன் கோயில். ஆற்றங்கரை மேட்டில் புதைகுழி. பிறந்தவர் அந்த வட்டத்தை விட்டு வெளியே போகாமலே வாழ்ந்து முடிந்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிந்தார்கள். கடிதம் வந்தால்கூடத் தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குத் தனியான விலாசம் ஏது?

அந்த வட்டத்துக்குள் என் தாயார் நடந்த தூரத்தை எவரும் அளந்ததில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு ஏறி, அங்கிருந்து மலைக்கு ஏறி, நிரையில் மேலும் கீழுமாய்க் கொழுந்து பறித்து, நிறுவைக்குக் கூடையோடு இறங்கி, மீண்டும் ஏறி, அந்தியில் விறகுச் சுமையோடு லயத்துக்கு வருவார். மழை நாளில் தலையில் கொங்காணி, காலில் அட்டை. அவரை யாரேனும் "நடக்கப் போனீர்களா?" என்று கேட்டிருந்தால் கேள்வியே விளங்கியிராது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின் பன்விலப் பாடசாலைக்குப் போக மூன்று மைல் குறுக்குப்பாதையில் இறங்குவேன். பின்னேரம் அதே மூன்று மைல் ஏற்றம். அந்தப் பாதையில் நின்று பார்த்தால் முட்டி மடக்கிய கைபோல் மலைமுகடுகள் தெரியும். வெள்ளைக்காரர் அதைப் பார்த்துத்தான் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்கள மக்களுக்கு அது தும்பறை மலைத்தொடர். எங்களுக்கு அதற்குப் பெயரே இருக்கவில்லை. மேகம் அந்தப் பக்கம் இறங்கினால் மழை வரும் என்பது மட்டும் தெரியும்.

இன்று அந்த மலைத்தொடருக்குப் பெரும் புகழ். 2010இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைப் பகுதி ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. வார இறுதிகளில் கொழும்பிலிருந்து இளைஞர் கூட்டம் முதுகுப் பைகளோடு வருகிறது. கண்டிக்கு மறுபக்கம் ஹந்தானையில், தேயிலை நூதனசாலை அருகே தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் 22 கட்டங்களாகப் போகும் 'பீக்கோ டிரெயில்' என்ற நடைபாதையையும் அமைத்திருக்கிறார்கள். பாதை புதிதாக வெட்டியதன்று. பெரும்பகுதியும் பழைய தோட்டப் பாதைகளேதாம். தேயிலை மூட்டைகளும் துரைமார் குதிரைகளும் கூலிகளும் போன வழிகள். பெயர்ப்பலகை மட்டும் புதிது. இதில் எனக்குக் கோபமில்லை. ஊருக்குள் நான்கு பேருக்குச் சாப்பாட்டுக் கடையும் தங்குமிடமும் வருமானமாகுமானால் நல்லதே. ஆயினும் அந்தப் பாதையில் எதிரே கொழுந்துக் கூடையோடு வரும் பெண்மணி ஒதுங்கி வழிவிடுவதும், நடைபயணி புன்னகைத்துப் படமெடுப்பதுமான காட்சியைக் காணும்போது நான் எந்தப் பக்கம் நிற்பது என்று விளங்குவதில்லை. என் சப்பாத்துப் பயணியின் சப்பாத்து. என் கணுக்காலில் இருக்கும் அட்டைத் தழும்புகள் மற்றவருடையவை.

நடை என்றதும் எங்கள் சமூகத்துக்கு நினைவில் இருப்பது வேறொன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியோரம் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, 2023 யூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. கடைசி நாளில் சில மைல்கள் நானும் கூட நடந்தேன். இருதய சிகிச்சைக்கு முந்திய நாட்கள் அவை. பக்கத்தில் நடந்த ஒரு முதியவள், "எங்க பாட்டன் வந்த வழின்னு சொல்றாங்க ஐயா. வந்த வழி தெரிஞ்சிருச்சு, இருக்கத்தான் இன்னும் எடம் இல்ல" என்றாள். அன்று எழுதிய குறிப்பேட்டில் அந்த ஒரு வரிதான் உருப்படியானது.

இருக்க இடம் என்பதற்கு வருகிறேன். பன்விலவில் உறவினர் ஒருவர் மூலம் பத்துப் பேர்ச் காணியொன்று பார்த்திருந்தோம். பேருந்து நிலையத்துக்கு நடந்துவிடலாம். மேலே மலை, கீழே ஓடை. காலைப் பனிக்கும் குறைவில்லை. மகளுக்குப் படம் அனுப்பியபோது அவள் மகிழ்ந்துபோனாள். எனக்கும் ஆசை உண்டாயிற்று. அந்த மண்ணில் என் பெயரில் பத்துப் பேர்ச்! 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் என் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து ஆட்களைப் பங்கிட்டபோது எனக்குப் பதினொரு வயது. என் மூத்த அக்காள் குடும்பம் எழுபதுகளில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி, இறுதியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மீண்டும் தேயிலையிலேயே போய்ச் சேர்ந்தது. நான் எஞ்சியவன். ஆகவே அந்தப் பத்துப் பேர்ச்சை நான் நிலமாக மட்டும் பார்க்கவில்லை என்பதை வாசகர் விளங்கிக்கொள்வர்.

பின்னர் 2025 நவம்பர் வந்தது. 'டித்வா' புயல் 28ஆம் திகதி இலங்கைக்குள் புகுந்து மழையைக் கொட்டியதில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். மிக அதிகமாக உயிரிழந்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலைச்சரிவுகள் வீடுகளோடு இறங்கின, பாதைகள் அறுந்தன, நாட்கணக்கில் தொலைபேசியும் இல்லை. நான்கு நாள் கழித்து உறவினரின் குரலைக் கேட்டபோது, முதலில் என் துணைவியார் அழுதுவிட்டார். அவர்கள் உயிரோடிருந்தார்கள். நாங்கள் பார்த்த காணியின் மேற்பக்கம் வெடிப்பு ஓடியிருக்கிறதாம்.

மலைநாட்டில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். விதி இருப்பது நல்லதே. வசதியுள்ளவன் அறிக்கையைப் பார்த்துவிட்டு வேறு காணி தேடுவான். அதே சரிவில், நூறாண்டுக்கு முன் எவனோ தேர்ந்த இடத்தில் நிற்கும் லயத்துக்காரர் எங்கே தேடுவார்? மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்தால் பாடசாலைக் கட்டடத்துக்குப் போவார். மழை விட்டதும் அதே காம்பராவுக்குத் திரும்புவார். நான் காணியைக் கைவிட்டதை உறவினரிடம் சொன்னபோது அவர் மனத்தாங்கல் எதையும் காட்டவில்லை. "நீங்க வராட்டியும் பரவாயில்ல மாமா, வந்து போங்க" என்றார். அந்தப் பேச்சு என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆக, கண்டி. இங்கும் குறைகள் உண்டு. கிண்ணம்போல் மலைகள் சூழ்ந்த நகரம் ஆதலால் வாகனப் புகை வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகவே சொல்லி வருகிறார்கள். தலதா வீதியில் மாலை ஐந்து மணிக்கு நடப்பவன் பேருந்துகளின் புகையைத்தான் சுவாசிப்பான். நடைபாதையில் வியாபாரம், வியாபாரத்துக்கு வெளியே சாக்கடை, அதற்கு வெளியே முச்சக்கரவண்டி. எசல பெரஹர நாட்களில் ஊருக்குள் கால் வைக்க இடமிராது.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏரியை ஒருமுறை சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல், பாதையெல்லாம் நிழல், வைத்தியர் கேட்ட நடை அதிலேயே முடிந்துவிடும். (அந்த ஏரியை 1807இல் வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. நாயக்கர் வழிவந்த அந்தக் கடைசி மன்னன் 1815இல் பிடிபட்டு, வேலூரில் கைதியாகவே இறந்தான். குடிமக்களின் கட்டாய உழைப்பில் வெட்டிய ஏரி அது. நமது நாட்டில் அழகான நடைபாதை எதுவும் இனாமாக வந்ததில்லை போலும்.) ஏரிக்குப் பின்னாலேயே உடவத்தைக்கெலே காடு, நூறு ஹெக்டேயருக்கு மேல். டி. எஸ். சேனாநாயக்க நூலகம், பெரியாஸ்பத்திரி, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில், புகையிரத நிலையம் எல்லாம் நடந்தே போகும் தூரம். வத்துகாமம் வழியாகப் பன்விலவுக்கும் பேருந்து உண்டு. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு அந்திக்குள் திரும்பிவிடலாம்.

கோத்தகிரி அக்காளிடம் இதைச் சொன்னேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். "தம்பி, மலையில இருந்து எறங்கினது ஒரு தடவ போதாதா? திரும்ப எதுக்கு ஏறுற?" என்றார். பிறகு அவரே, "பன்வில போனா மேட்டு லயத்துக்கிட்ட பலா மரம் இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார். அந்த மரம் இல்லை. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

என் துணைவியார் யாழ்ப்பாணத்தில் சமதரையில் பிறந்தவர். மலை அவருக்குப் படத்தில் பார்க்க அழகு. குளிரும் படிக்கட்டும் ஆகாது. அவர் எனக்கு விதித்த நிபந்தனை ஒன்றே. வீடு வாங்கக் கூடாது. முதலில் ஒரு வருட வாடகை. தென்மேற்குப் பருவமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஒருமுறை கடந்து போகட்டும், அதன் பின் யோசிப்போம் என்கிறார். நியாயமான பேச்சு, நானும் சம்மதித்துவிட்டேன். கட்டுக்கலைப் பக்கம் இரண்டு அறை வீடொன்று பார்த்திருக்கிறோம். வீதியிலிருந்து வாசலுக்கு நாற்பத்தாறு படிகள் என்று அவர் எண்ணி வைத்திருக்கிறார். கைப்பிடிக் கம்பி போட்டுத் தந்தால் எடுப்போம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த வாரம் பதில் சொல்வதாகச் சொன்னார்.